யோனாவின் நீலக் கடல்

அத்தியாயம் 8

மலைக் கோபுரத்தின் உச்சிப் படியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது.

"பக்ஸ்டன் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது. கால் வழியா ஏறினாலும் பலன் உண்டா சார்?"

ஹெக்டர் ஃபர்னிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது வயது. முன்னாள் போலீஸ் சார்ஜென்ட், இந்நாள் தனியார் துப்பறிவாளர். நான் ட்ரூடி பேக்‌ஷா, அவருக்கு டிரைவர், டைப்பிஸ்ட், வாய்த்துணை. அதற்கு முன் பதினோரு வருஷம் சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடித்தவள். இந்தக் கோபுரத்தை ஆயிரம் தடவையாவது காட்டியிருப்பேன். மூடுபனியில் சொந்த மூக்கு நுனி தெரியாத நாளிலும், "வலப்பக்கம் தெரிகிற அழகிய பள்ளத்தாக்கைப் பாருங்கள்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்தவளுக்கு, இன்று காலையிலிருந்து அத்தனையையும் மறுபடி பார்க்கிற தண்டனை.

குகை, பூங்கா, தோட்டத்து ரயில், காற்றாலை, பழைய சுண்ணாம்புச் சூளை, இப்போது கோபுரம். மணி ஒன்றரை. மழை சனிக்கிழமை ஆரம்பித்தது. இன்று திங்கள். ஜூலை மாதம் என்று காலண்டர் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு வில்லையால் வந்தது.

பக்ஸ்டன் ஊரின் நடுவில் ஹார்டிங் நீர்க்கூடம் என்று ஒரு காட்சிச்சாலை. உள்ளே பளிங்குத் தொட்டி, அதில் பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பாக வந்து விழும் ஊற்று நீர். வருகிறவர்களுக்கு அதை மொண்டு கொடுக்க ஓர் ஊற்றுக்காரி. இருபத்தாறு வருஷமாக அந்த வேலையில் இருப்பவள் ஐடா வார்டில். இருநூறு வருஷத்துக்கு முந்திய முதல் ஊற்றுக்காரி மார்பில் குத்திக்கொண்ட வெள்ளி வில்லை, அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. உள்ளங்கை அகலம், பிஸ்கட் கனம். போன வியாழக்கிழமை காலை பெட்டி காலி. பூட்டு உடையவில்லை. சாவிகள் இரண்டே இரண்டு. ஒன்று மேனேஜர் ரெக்ஸ் ஆல்டர்டனிடம், இன்னொன்று ஐடாவிடம்.

நீர்க்கூடத்து மாடியில் மூன்று அறைகள். ஊற்றுக்காரி உயிரோடு இருக்கும்வரை அவை அவளுக்குத்தான் என்று கட்டிக் கொடுத்த ஹார்டிங் சீமான் உயில் எழுதி வைத்திருந்தார். நேர்மை தவறினால் மட்டும் வெளியேற்றலாம். இன்று மாலை ஐந்து மணிக்கு அறங்காவலர் கூட்டம். அதற்குள் வில்லையும் எடுத்தவனும் கிடைக்காவிட்டால் ஐடாவுக்கு வேலை போகும், வீடு போகும், அறுபத்தொரு வயதில் திருடி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

எங்களிடம் இருந்த ஒரே தடயம் ஒரு பச்சை அட்டை. நீர்க்கூடத்து ஆபீஸ் அச்சடித்து விநியோகிக்கிற சுற்றுலா அட்டை. ஊரிலும் சுற்றியும் ஏழு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் சங்கிலியில் கட்டிய ரப்பர் முத்திரை ஒன்று இருக்கும். ஏழு கட்டத்திலும் முத்திரை விழுந்தால் ஒரு துண்டு இலவசம். அந்தத் துண்டால் தட்டு துடைத்தால் தட்டில் சாயம் ஒட்டும், அது வேறு கதை. காலிப் பெட்டிக்குப் பின்னால் இந்த அட்டை கிடந்ததாக ஆல்டர்டன்தான் எடுத்துக் கொடுத்தார். எங்களை அமர்த்தியதும் அவரே. அட்டையில் ஆறு முத்திரைகள் விழுந்திருந்தன. தார்ன்லோ கிராமத்துக் கிணற்றுக்கான ஏழாவது கட்டம் மட்டும் காலி.

"யாரோ டூரிஸ்ட் வேலை. ஐடாவா இருக்கக் கூடாதுன்னு தினமும் வேண்டிக்கறேன்," என்று சனிக்கிழமை சொன்னார். பக்தியான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

"ட்ரூடி," என்றார் ஃபர்னிஸ், ஒருவழியாக மூச்சு திரும்பி. "முத்திரையை எடுத்துக் குத்து."

சுவரில் பதித்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே முத்திரையும் மை அட்டையும் இருந்தன. மை அட்டையில் அழுத்தி, ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் வைத்திருந்த இன்னோர் அட்டையில் குத்தினேன். ஒன்றும் விழவில்லை. ஊதிக் குத்தினேன். எச்சில் தொட்டுக் குத்தினேன். கட்டம் சுத்தமாகவே இருந்தது.

"காஞ்சு போச்சு சார். இந்த மழையில ஊர்லயே காஞ்சது இது ஒண்ணுதான்."

அவர் பெட்டி மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'மை இல்லை. ஏறியது வீண். வால்சால் சைக்கிள் சங்கம், மே 25.' கீழே வேறு கையெழுத்தில்: 'இன்னும் இல்லை. ஜூன் 14.' அதற்கும் கீழே, 'ஜூலை 2, வாழ்க நிர்வாகம்.'

ஆல்டர்டன் கொடுத்த அட்டையை ஃபர்னிஸ் எடுத்தார். கோபுரக் கட்டத்தில் ஊதா முத்திரை பளிச்சென்று, ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது.

"பச்சை அட்டை எப்போலேர்ந்து கொடுக்கறாங்க?"

"இந்த வருஷத்து அட்டை. ஜூன் ஒண்ணாம் தேதிலேர்ந்து. போன வருஷம் மஞ்சள்." பதினோரு வருஷம் மைக் பிடித்தது வீண் போகவில்லை.

"ம்," என்றார். அவ்வளவுதான். மனிதர் 'ம்' என்றால் மேற்கொண்டு கேட்டுப் பயனில்லை. இருநூறு அடி சறுக்கிக்கொண்டு கீழே இறங்கினோம்.

நீர்க்கூடத்தில் கூட்டம் இல்லை. கோவென்ட்ரியிலிருந்து வந்த ஒரு தம்பதி மட்டும் ஈரக் கோட்டோடு நின்று, குடித்த தண்ணீரைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் ஆறிப்போன வெந்நீர் மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்ததேயில்லை.

ஐடா எங்களுக்கும் இரண்டு டம்ளர் மொண்டாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. துணியால் உடனே துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்தாள்.

"குடி கண்ணு, நனைஞ்சு போயிருக்கே," என்றாள் என்னிடம்.

"ஐடா," என்றார் ஃபர்னிஸ், "உங்க சொந்த ஊர் தார்ன்லோதானே?"

"ஆமா சார்."

"இந்த வருஷம் கிணத்துப் பூப்பலகையில வேலை செஞ்சீங்களா?"

"செவ்வாய், புதன், வியாழன், மூணு நாள் சாயங்காலமும். வியாழக்கிழமை மேனேஜரும் வந்திருந்தார். பைபிள்ல வர்ற யோனாவும் அவரை முழுங்கின மீனும்தான் இந்த வருஷப் படம். கடல் எப்பவும் என்னோடதுதான். பதினாலு வயசுலேர்ந்து எந்தப் படம் போட்டாலும் தண்ணி என் பங்கு."

"வெள்ளிக்கிழமை பலகையைக் கிணத்து மேல நிறுத்தினாங்களே, அப்புறம் போய்ப் பார்த்தீங்களா?"

ஐடா தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவற்றை ஏப்ரனுக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். போகல."

பொய். எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் மேற்கொண்டு கேட்பதற்குள் ஆபீஸ் கதவு திறந்து ஆல்டர்டன் வந்துவிட்டார். லண்டனிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஷூவில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காது.

"அடுத்து தார்ன்லோவா? நானும் பின்னாடியே வந்துடறேன் மிஸ்டர் ஃபர்னிஸ். இன்னும் ரெண்டரை மணி நேரம்தான் இருக்கு. ஐடாவுக்காக நானும் ஏதாவது செய்யணுமில்ல." ஐடாவின் தோளைத் தட்டினார். அவள் நகர்ந்துகொள்ளவில்லை. நகரக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை என்று தோன்றியது.

தார்ன்லோ ஏழு மைல். என் பழைய காரில் வைப்பர் ஒருபக்கம்தான் ஓடும், நல்லவேளையாக அது என் பக்கம். ஃபர்னிஸ் மடியில் காகிதத்தை விரித்து, ஓட்ஸ் ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டியதைத் தின்றுகொண்டு வந்தார்.

"சார், அந்தம்மா பொய் சொல்லுது."

"தெரியும்."

"திருடினவங்க சொல்ற பொய் மாதிரி இல்ல. ஆனா பொய்."

"தெரியும் ட்ரூடி."

"தெரிஞ்சதையெல்லாம் ரொட்டியோட சேர்த்து முழுங்கறீங்களே, எனக்கும் ஒரு வாய் கொடுக்கலாமில்ல?"

பாதி ரொட்டியைக் கொடுத்தார். விஷயத்தைக் கொடுக்கவில்லை.

கிணற்றடியில் ஒரு பஸ் கூட்டம் குடைகளோடு நின்றிருந்தது. கிணற்றுக்கு மேல் பத்தடி உயரத்தில் பலகை. மரச்சட்டத்தில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் இதழ் இதழாகப் பூக்களைப் பதித்துப் படம் செய்வது இந்தப் பக்கத்து ஊர்களின் வழக்கம். பெயின்ட் கிடையாது, பசை கிடையாது. மீனின் முதுகு லைக்கன் பாசி, பல் எல்லாம் முட்டை ஓடு, யோனாவின் தாடி செம்மறி ரோமம். கீழே கடல் முழுக்க நீல ஹைட்ரேஞ்சா இதழ்கள், ஆயிரக்கணக்கில். பார்க்கவே கூடாதென்று வந்தவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டேன்.

பலகைக்குப் பொறுப்பு க்ளெம் ஓலரன்ஷா. பால்பண்ணைக்காரர், ஃபர்னிஸ் காவல்துறையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம்.

"என்ன ஹெக்டர், முழங்கால் இன்னும் உன்கூடத்தான் இருக்கா?"

"விட்டுப் போக மாட்டேங்குது. ஐடா வந்தாளா க்ளெம்?"

க்ளெம்மின் முகம் சுருங்கியது. "சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ல வந்தா. கூட்டத்துக்குப் பின்னால நின்னா. கொஞ்ச நேரம் கடலையே பார்த்தா. அப்புறம் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கிட்டுப் போயிட்டா. டீ குடின்னு கத்தினேன், திரும்பியே பார்க்கல. முப்பது வருஷத்துல ஐடா டீ குடிக்காமப் போனது அதான் முதல் தடவை."

காலையிலிருந்து ஐடா செய்திருக்க மாட்டாள் என்று நம்பித்தான் ஆறு இடங்களில் நனைந்தேன். ஏழாவது இடத்தில் அந்த நம்பிக்கையும் நனைந்துவிட்டது.

ஆல்டர்டனின் கார் வந்து நின்றது. குடையை விரித்து, குட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்து ரசித்துவிட்டு, குடை நுனியால் காட்டினார்.

"மீன் வாலுக்குக் கீழே இருக்கற கடல்தானே ஐடாவோட பகுதி? அட, அங்க என்ன ஆச்சு?"

மூவரும் பார்த்தோம். மூன்று நாள் மழையில் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. யோனாவின் தாடி அப்படியே இருந்தது. கடலும் அப்படியேதான் இருந்தது, வாலுக்குக் கீழே சாஸர் அளவு ஓர் இடத்தைத் தவிர. அங்கே மட்டும் இதழ்கள் வழுக்கிக்கொண்டு தொங்கின. நடுவில் களிமண் கரைந்து, ஒரு வெள்ளை விளிம்பு மின்னியது.

க்ளெம் ஏணியைப் போட்டார். ஃபர்னிஸ் முனகிக்கொண்டே ஏறி, பேனாக்கத்தியால் சுரண்டினார். கையை நீட்டியபோது அதில் வெள்ளி வில்லை இருந்தது. தேய்ந்த எழுத்துகளுக்குள் களிமண் அடைத்திருந்தது.

பஸ் கூட்டத்தில் ஓர் அம்மாள், "இதுவும் படத்துல சேர்ந்ததா?" என்று கேட்டாள்.

"ஐயோ ஐடா," என்றார் ஆல்டர்டன். கண்களை மூடித் திறந்தார். "இதை மட்டும் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன். ஊரடங்கினப்புறம் வந்து எடுத்துக்கலாம்னு இருந்திருப்பா பாவம். மிஸ்டர் ஃபர்னிஸ், உங்க கையாலேயே கிடைச்சிருக்கு. நீங்களே கூட்டத்துல சொல்லிடுங்க. என்னால முடியாது."

ஃபர்னிஸ் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அப்படியொரு களைப்பான முகத்தை நான் பார்த்ததில்லை.

"சொல்லிடறேன். முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீர்ல வைக்கணும்." பலகையை ஏறிட்டுப் பார்த்தார். "ஆனா அந்த ஓட்டை அசிங்கமா இருக்கு க்ளெம். அடுத்த பஸ் வர்றதுக்குள்ள அடைச்சுடேன்."

"அடைச்சுடலாம். உதிரி இதழ் டின்னுல இருக்கு."

"உனக்குக் கை விறைச்சிருக்கு. மிஸ்டர் ஆல்டர்டன் இங்க வேலை செஞ்சவர்தானே? வியாழக்கிழமை வந்தாராமே."

"வந்தாரே! கேக்கெல்லாம் வாங்கிட்டு வந்தார்," என்றார் க்ளெம். "ஐடா ஆறு பத்து பஸ்ஸுக்குப் போனப்புறமும் இருந்து, நாங்க எல்லாரும் கூடத்துல சாப்பிடப் போனப்போ பலகைக்குக் காவல் இருந்தார்."

"கையில சேறு ஆகும்னு பார்க்கறாரோ என்னவோ," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார் ஃபர்னிஸ், ஆல்டர்டன் காதில் விழுகிற மாதிரி.

ஆல்டர்டன் சிரித்தார். நல்ல மனிதர் என்று காட்டிக்கொள்ள இப்படி ஒரு சந்தர்ப்பத்தை யார் விடுவார்கள்? குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். க்ளெம் கொடுத்த களிமண்ணை அப்பி வழித்தார். டின்னிலிருந்து நீல இதழ்களை எடுத்தார். மேலே ஓர் இதழ் வைத்து அழுத்தினார். அதன் அடிப்பாகத்தின் மேல் ஏறுகிற மாதிரி அடுத்த இதழ். அதற்குக் கீழே அடுத்தது. வேகமாக, அழகாக, ஒரு வரிசை இறக்கினார்.

க்ளெம்மின் வாய் திறந்தது.

"யோவ்! மேலேர்ந்தா ஒட்டறே?"

ஆல்டர்டனின் கை நின்றது.

"கீழேர்ந்துதானே ஆரம்பிக்கணும்? கூரைக்கு ஓடு வேயற மாதிரி, மேல் இதழ் கீழ் இதழ் மேல ஏறணும். அப்பத்தான் மழைத்தண்ணி வழிஞ்சு ஓடும். நீ பண்ற மாதிரி பண்ணினா ஒவ்வொரு இதழுக்குள்ளயும் தண்ணி பூந்து, களிமண்ணு கரைஞ்சு..." க்ளெம் பாதியில் நிறுத்தினார். தொங்கிக்கொண்டிருந்த பழைய இதழ்களைப் பார்த்தார். ஏணிக்குக் கிட்டே போய், ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "இதுவும் மேலேர்ந்து ஒட்டினது."

"ஆமா," என்றார் ஃபர்னிஸ். "சுத்தி இருக்கற கடலைப் பாரு. அதெல்லாம்?"

"கீழேர்ந்து. அது ஐடா கை. இங்க நாலு வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்யா."

"பலகை செஞ்ச மூணு நாள்ல கிட்ட வந்த வெளியூர் ஆள் எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான்." க்ளெம் ஏணியை நிமிர்ந்து பார்த்தார். "இவருக்கு இதழ் வேலையே கொடுக்கல. ஓரத்துல காபிக்கொட்டை பதிக்கச் சொன்னோம். விருந்தாளிங்களுக்கு அதான் கொடுப்போம், கெடுக்க முடியாது பாரு."

ஆல்டர்டன் இறங்கினார். முதல் தடவையாக அவர் ஷூ சேற்றில் பதிந்தது. "இது அபத்தம். ஏதோ உதவி பண்ணலாம்னு ஏறினா..."

"உங்க அட்டையைப் பத்தியும் பேசிடலாம்," என்றார் ஃபர்னிஸ். குரலை உயர்த்தவேயில்லை. "கோபுரத்துல மே மாசத்துலேர்ந்து மை இல்ல. பச்சை அட்டை ஜூன்லதான் வந்தது. ஆனா உங்க அட்டையில கோபுர முத்திரை பளிச்சுனு இருக்கு. அந்த முத்திரைக்கு இன்னொரு பிரதி எங்க இருக்கும் ட்ரூடி?"

"அட்டை அச்சடிக்கற ஆபீஸ்ல சார். ஏழு முத்திரையும் ஒரே டிராயர்ல. பஸ்ஸுல வந்த கிழவர்கள் மலையேற முடியலைன்னா அங்கதான் நான் குத்தி வாங்கிக் கொடுப்பேன்." சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. பதினோரு வருஷம் திறந்து மூடிய டிராயர்.

"ஆபீஸ் டிராயரை ஐடாவும்தான் திறக்கலாம்!"

"திறக்கலாம். திறந்து, ஆறு முத்திரை குத்தி, தன் ஊரை மட்டும் காலியா விட்டு, 'அடுத்து இங்க வாங்க'ன்னு துப்பறியறவனுக்கு வழி காட்டியிருப்பாளா? அப்புறம் நாப்பத்தேழு வருஷப் பழக்கத்தை மறந்து தலைகீழா ஒட்டியிருப்பாளா?" ஃபர்னிஸ் எழுந்தார், முழங்கால் சடக்கென்றது. "ஐடாவோட பங்கு எதுன்னு நாங்க யாரும் கேக்கறதுக்கு முன்னாடி, நீங்கதான் குடையால காட்டினீங்க. இதையெல்லாம் கூட்டத்துல சொல்லிப் பாருங்க. க்ளெம்மும் வருவான்."

"டிராக்டர்ல வேணும்னாலும் வரேன்," என்றார் க்ளெம்.

ஆல்டர்டன் என் கையிலிருந்த குடையைப் பார்த்தபடி, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த மூணு ரூமும் பூங்காவைப் பார்த்து இருக்கு. ஊர்லயே நல்ல ஜன்னல்கள். அங்க ஒரு டீ ரூம் வெச்சா காட்சிச்சாலையே பிழைச்சிருக்கும். அந்தம்மா அங்க பெலார்கோனியம் செடி வளர்க்குது."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, அசதிதான் வந்தது. ஒரு ஜன்னலுக்காக ஒரு மனுஷியைத் திருடியாக்க இத்தனை பாடு. கேக் வேறு.

"குடை உங்களோடதுதான். பிடிங்க," என்று கொடுத்தேன். "இனிமே நிறைய நனைய வேண்டியிருக்கும்."

கூட்டம் ஐந்தேகாலுக்கே முடிந்துவிட்டது. க்ளெம் டிராக்டரில் வரவில்லை, என் காரின் பின்சீட்டில் வந்தார். சீட்டில் இன்னும் பால்பண்ணை வாசம் இருக்கிறது. ஆல்டர்டன் உள்ளூர் போலீஸோடு பின்வாசல் வழியாகப் போனார். வில்லை மறுபடி பெட்டிக்குள் போனது.

ஐடா கீழே தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோட் போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, மடியில் கைப்பையை வைத்திருந்தாள். காலுக்கருகில் ஒரு சூட்கேஸ். கூட்டம் முடியுமுன்பே கட்டி வைத்துவிட்டாள்.

"எழுந்து மேல போங்க ஐடா," என்றார் ஃபர்னிஸ். "உங்க வீடு உங்களோடதுதான். வில்லை கிடைச்சாச்சு. வெச்சது ஆல்டர்டன்."

அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷப்படவில்லை. அழவும் இல்லை. ஏதோ வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிற மாதிரி இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"சனிக்கிழமை தார்ன்லோ போனதை ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டேன். "நாங்களே உங்களைச் சந்தேகப்பட்டோம், தெரியுமா?"

ஐடா தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

"கடல்ல ஒரு இடம் வழிஞ்சு கிடந்தது கண்ணு. மழை பெய்ஞ்சு நாலு மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள. நான் ஒட்டினது எந்த வருஷமும் வழிஞ்சதில்ல." குரல் இறங்கியது. "எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது. முதல்ல கை மறந்துது. அப்புறம் எல்லாம் மறந்துது. சரிதான், எனக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சேன். அப்படின்னா வில்லையையும் நானே எங்கயாவது எடுத்து வெச்சுட்டு மறந்திருப்பேனோன்னு... ராத்திரியெல்லாம் யோசிச்சேன். யார்கிட்ட சொல்ல?"

ஃபர்னிஸ் தன் தொப்பியைக் கழற்றினார்.

"அந்த இடம் நீங்க ஒட்டினது இல்ல ஐடா. உங்க இதழைப் பிச்சுட்டு அவன் ஒட்டினது. மேலேர்ந்து கீழா."

"மேலேர்ந்தா?"

"மேலேர்ந்து."

"அப்போ என் கை இல்லையா அது?"

"உங்க கை ஒட்டின கடல் முழுசும் அப்படியே நிக்குது. க்ளெம் சாட்சி."

ஐடா கைப்பையைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, புறங்கையைப் பார்த்தாள், திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், ஈர ஷூவோடு, ஐந்தரை மணிக்கு, ஒரு காட்சிச்சாலையில். ஃபர்னிஸ் சுவரில் இருந்த நீர் அளவுப் பட்டியலை மிகவும் அக்கறையாகப் படித்தார்.

பிறகு அவள் எழுந்து எங்களுக்கு இரண்டு டம்ளர் மொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் குறை சொல்லாமல் முழுசாகக் குடித்தேன்.

"மேல ஏறிப் படுங்க," என்றேன். "முகத்தைப் பார்த்தா மூணு நாளா தூங்கல."

"தூங்கறது இருக்கட்டும்." ஐடா கோட்டின் மேல் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "க்ளெம் உன் கார்லதானே திரும்பப் போறான்? எனக்கும் இடம் இருக்கா கண்ணு? ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கு. கீழேர்ந்து ஆரம்பிச்சா இன்னிக்கே முடிச்சுடலாம்."

நான் கார் சாவியை எடுத்தேன். ஃபர்னிஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பின்சீட்டில், க்ளெம்முக்குப் பக்கத்தில் ஏறினார்.